'வொர்ஸ்' இருக்க 'நாஸ்டியர்' எதற்கு?

ஆங்கிலத்தில் ஒருவரை 'வொர்ஸ் டாக்டர்' என்று சொன்னால் அவருக்கு வைத்தியம் போதவில்லை என்று பொருள். நோயைக் கண்டுபிடிப்பதிலும் மருந்து கொடுப்பதிலும் இன்னொருவரைவிடக் கீழே நிற்கிறார். அதே ஆளை 'நாஸ்டியர் டாக்டர்' என்று சொன்னால் கதையே வேறு. அவர் பெரிய நிபுணராகவே இருக்கலாம். ஆனால் நோயாளியிடம் எரிந்து விழுவார், சந்தேகம் கேட்டால் மட்டம் தட்டுவார், அழுகிற குழந்தையை அதட்டுவார். தமிழில் இரண்டையும் 'இன்னும் மோசமான டாக்டர்' என்று சொல்லிவிடுவோம். எந்த விதத்தில் மோசம் என்பதைப் பேச்சின் போக்கை வைத்துக் கேட்பவர் புரிந்துகொள்வார். ஆங்கிலத்தில் அப்படி விட முடியாது. இரண்டு சொல்லுக்கும் இடையே ஒரு கோடு இருக்கிறது. அதைத் தெரியாமல் தாண்டினால், சொல்ல வராத ஒன்றைச் சொன்னதாகிவிடும்.

எந்த இடத்தில் இது வம்பாகிறது என்றால், அலுவலக மெயிலில். ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதக் கூடாது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஆகவே மாற்றுச் சொல் தேடுகிறோம். கணினியும் 'வொர்ஸ்' என்ற சொல்லுக்குக் கீழே நாலைந்து சொற்களை வரிசையாக எடுத்துக் கொடுக்கிறது, எல்லாம் ஒரே எடை என்பதுபோல. வாடிக்கையாளரிடமிருந்து வந்த இரண்டாவது பதில் முதல் பதிலைவிட 'வொர்ஸ்' என்று மேலாளருக்கு எழுதினால், பதில் நமக்குச் சாதகமாக இல்லை, விலையை இன்னும் குறைக்கச் சொல்கிறார் என்ற அளவில் நிற்கும். அதே இடத்தில் 'நாஸ்டியர்' என்று எழுதினால், அந்த மனிதர் வேண்டுமென்றே குத்திப் பேசியிருக்கிறார் என்று அவர் குணத்தின்மேல் ஒரு புகார் வைத்ததாகிவிடும். மெயில் கைமாறிக் கைமாறி அவரிடமே போய்ச் சேர்ந்தால், முதல் சொல்லுக்கு யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். இரண்டாவது சொல்லுக்கு விளக்கம் கேட்பார்கள். கேட்பதில் நியாயமும் இருக்கிறது.

சுருக்கமாகச் சொன்னால், 'வொர்ஸ்' ஒரு பொருள் தரத்தில் எவ்வளவு கீழே போயிருக்கிறது என்று அளக்கிறது. 'நாஸ்டியர்' அந்தப் பொருள் எதிரில் இருப்பவர் மேல் எப்படிப் பாய்கிறது என்று சொல்கிறது. ஒன்றில் குறை மட்டும். இன்னொன்றில் குறையோடு அருவருப்போ வன்மமோ ஒட்டிக்கொண்டு வருகிறது.

சொல் கட்டப்பட்ட விதம்

அடிச்சொல் 'நாஸ்டி'. பிரிட்டிஷ்காரர்கள் 'நா' என்று நீட்டிச் சொல்வார்கள்; அமெரிக்கர்கள் வாயில் அது 'நேஸ்டி' என்பதற்குப் பக்கத்தில் வரும். ஒப்பிட்டுச் சொல்லும்போது கடைசியில் உள்ள 'ஒய்' எழுத்து 'ஐ'யாக மாறி, அதன்பின் 'இஆர்' சேர்ந்து 'நாஸ்டியர்'. எல்லாவற்றையும் மிஞ்சியது என்றால் 'நாஸ்டியஸ்ட்'. ஹேப்பி, ஹேப்பியர், ஈஸி, ஈஸியர், அக்லி, அக்லியர். இரண்டு அசை கொண்டு 'ஒய்'யில் முடியும் பெயரடைகள் பெரும்பாலும் இந்த வழியில்தான் போகும். 'அன்ப்ளெசன்ட்' போன்ற நீண்ட சொல் 'மோர்' என்ற துணைச் சொல்லை முன்னால் வைத்துக்கொள்ளும். இது பாடப்புத்தகத்தில் இருப்பதுதான், அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

பாடப்புத்தகம் அவ்வளவாகத் தொடாத ஒன்று உண்டு. 'மோர் நாஸ்டி' என்பது எப்போதும் தவறு என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது சரியாக வரும் இடம் ஒன்று இருக்கிறது. ஒரு நகைச்சுவையைப் பற்றி, 'மோர் நாஸ்டி தேன் ஃபன்னி' என்பார்கள். சிரிப்பு வந்தது என்பதைவிட, அதில் ஒரு குரூரம் இருந்தது என்பதே சரி என்ற பொருளில். இங்கே இரண்டு நகைச்சுவைகளை ஒப்பிடவில்லை. ஒரே நகைச்சுவைக்கு எந்தப் பெயர் பொருத்தம் என்று இரண்டு பெயர்களை எடை போடுகிறார்கள். இந்த இடத்தில் 'நாஸ்டியர் தேன் ஃபன்னி' என்று எழுதினால் ஆங்கிலக் காது ஏற்காது. ஆகவே 'இஆர்' விகுதி இரண்டு பொருள்களுக்கு நடுவே நிற்கிறது. 'மோர்' தேவைப்பட்டால் இரண்டு வர்ணனைகளுக்கு நடுவேயும் நிற்கும்.

'மோர் நாஸ்டியர்' என்று இரண்டையும் சேர்த்துப் போடுவது நம் ஊரில் அடிக்கடி காதில் விழும், 'மோர் பெட்டர்' போலவே. 'இன்னும்' என்று அழுத்திச் சொல்லும் பழக்கம் நமக்கு; அந்த 'இன்னும்' ஆங்கிலத்தில் 'மோர்' ஆகி முன்னால் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அந்த அழுத்தம் வேண்டுமானால் ஆங்கிலத்தில் 'ஈவன் நாஸ்டியர்', 'மச் நாஸ்டியர்', 'ஃபார் நாஸ்டியர்' என்று சொல்லலாம். 'வெரி நாஸ்டியர்' வராது.

ஆனால் இரட்டை ஒப்பீட்டைச் சொல்பவரைக் கேலி செய்ய இதில் ஒன்றுமே இல்லை. ஷேக்ஸ்பியர் காலத்து ஆங்கிலத்தில் அது சாதாரணம். 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தில் சீசரின் உடல் முன் நின்று ஆண்டனி பேசும்போது, புரூட்டஸ் குத்திய குத்தை 'மோஸ்ட் அன்கைன்டஸ்ட்' என்கிறான். 'மோஸ்ட்' ஒன்று, 'எஸ்ட்' ஒன்று. 'ஹாம்லெட்' நாடகத்தில் 'வொர்ஸர்' என்றே வருகிறது, ஏற்கெனவே ஒப்பீடாக இருக்கும் 'வொர்ஸ்' மேல் இன்னொரு விகுதி. பதினெட்டாம் நூற்றாண்டின் இலக்கண ஆசிரியர்கள்தான் இதை ஒழுங்கு செய்யக் கிளம்பினார்கள். ராபர்ட் லௌத் 1762-இல் வெளியிட்ட ஆங்கில இலக்கண நூல் இரட்டை ஒப்பீட்டை முறையற்றது என்று ஒதுக்கியது. அதற்குப் பிறகு பள்ளிக்கூடங்கள் அதைத் தவறாகவே சொல்லிக்கொடுத்தன. இன்று எழுத்தில் அதைத் தவிர்க்கத்தான் வேண்டும். ஆனால் அதைச் சொன்னவர் படிக்காதவர் என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

நமக்குத் தெரிந்த விகுதிதான்

இந்த 'இஆர்' விகுதிக்கு வயது மிக அதிகம், உறவும் அதிகம். லத்தீனில் அதன் உறவு 'இயோர்'. நாம் தினமும் சொல்லும் 'சீனியர்', 'ஜூனியர்' இரண்டும் லத்தீன் ஒப்பீட்டுச் சொற்கள். ஒன்று 'இன்னும் மூத்தவர்', மற்றது 'இன்னும் இளையவர்'. சமஸ்கிருதத்தில் அதே உறவு 'ஈயஸ்'. 'ஜனனி ஜன்மபூமிஸ்ச ஸ்வர்காதபி கரீயஸி' என்ற வரியைக் கேட்டிருப்பீர்கள். பெற்ற தாயும் பிறந்த மண்ணும் சொர்க்கத்தைக் காட்டிலும் மேலானவை. அந்தக் 'கரீயஸி'யில் இருப்பதும் 'நாஸ்டியர்' கடைசியில் இருப்பதும் ஒரே மூலத்திலிருந்து பிரிந்த விகுதிகள். 'நாஸ்டியஸ்ட்' என்பதில் உள்ள 'எஸ்ட்'டுக்கும் சமஸ்கிருதத்தில் உடன்பிறப்பு உண்டு: 'இஷ்ட'. ஜேஷ்ட, கனிஷ்ட, சிரேஷ்ட என்ற சொற்களில் அது நிற்கிறது. இலங்கையில் பல்கலைக்கழகத்தின் சீனியர் லெக்சரரைச் சிரேஷ்ட விரிவுரையாளர் என்று குறிப்பிடும்போது, ஒரு பக்கம் லத்தீன் ஒப்பீடு, மறுபக்கம் சமஸ்கிருத உச்சம், இரண்டும் ஒரே பதவியில் வந்து சேர்கின்றன.

தமிழ் இந்தக் குடும்பத்தில் இல்லை. நம் மொழியில் பெயரடை உடம்பை மாற்றிக்கொள்வதில்லை. 'பெரிய' எப்போதும் 'பெரிய'தான். ஒப்பீட்டை 'விட' என்றோ 'காட்டிலும்' என்றோ வெளியே வைக்கிறோம். பழைய தமிழில் அந்த வேலையை ஐந்தாம் வேற்றுமை செய்தது. துன்பத்தை ஒப்பிடுவதற்குத் திருக்குறளைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம்.

இன்மையின் இன்னாத தியாதெனின் இன்மையின்
இன்மையே இன்னா தது.

நல்குரவு அதிகாரத்தின் முதல் குறள், 1041. வறுமையைவிடத் துன்பமானது எது என்று கேட்டால், வறுமையைவிட வறுமையே துன்பமானது. 'இன்னாதது' என்ற சொல் இரண்டு தடவை வருகிறது, இரண்டு தடவையும் ஒரே வடிவத்தில். ஒப்பீட்டின் பாரம் முழுவதையும் 'இன்மையின்' என்பதில் உள்ள 'இன்' உருபு சுமக்கிறது. ஈகையைப் பாடும்போதும் 'சாதலின் இன்னாத தில்லை' என்று அதே கட்டுமானம். இதை நன்றாகப் பார்த்துக்கொண்டால், தமிழ் பேசுபவருக்கு ஆங்கிலத்தில் எந்த இடத்தில் கால் இடறும் என்று தெரிந்துவிடும். நமக்கு ஒப்பீடு, எதோடு ஒப்பிடுகிறோமோ அந்தப் பொருளின்மேல் தொங்குகிறது. ஆங்கிலத்தில் அது பெயரடையின்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. அதனால்தான் எதோடு ஒப்பிடுகிறோம் என்று சொல்லாமலே ஆங்கிலத்தில் ஒப்பிட முடிகிறது.

செய்திகளில் இது நிறைய. தேர்தல் பிரசாரம் 'நாஸ்டியர்' ஆகிவிட்டது என்று தலைப்பு போடுவார்கள். எதைவிட? சொல்வதில்லை. நேற்று இருந்ததைவிட என்று வாசகர் எடுத்துக்கொள்ள வேண்டும். தமிழில் அதை எழுதும்போது 'முன்பைவிட' என்றோ 'நாளுக்கு நாள்' என்றோ நாம் சேர்த்துத்தான் ஆக வேண்டும். சேர்க்காமல் 'பிரசாரம் மேலும் மோசமானது' என்று விட்டால், கூட்டம் வரவில்லையா, பணம் தீர்ந்துவிட்டதா என்று வாசகர் குழம்புவார். உண்மையில் நடந்தது என்ன? வேட்பாளர்கள் கொள்கையை விட்டுவிட்டு ஒருவர் குடும்பத்தை ஒருவர் இழுக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

இரண்டு பக்கமும் கறை

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். ஆறரை அடி உயரமுள்ள இரண்டு பேரில் ஒருவர் மற்றவரைவிட 'ஷார்ட்டர்' என்று சொல்லலாம். அதனால் அவர் குள்ளம் என்று ஆகிவிடாது. 'சீப்பர்' என்றாலும் அப்படியே. இரண்டு சொகுசுக் கார்களில் ஒன்று 'சீப்பர்' என்றால் அது மலிவான கார் என்று யாரும் புரிந்துகொள்ள மாட்டார்கள். இந்தச் சொற்கள் அளவுகோலைத்தான் காட்டுகின்றன, தீர்ப்பு சொல்வதில்லை.

'வொர்ஸ்' கொஞ்சம் நடுவில் நிற்கிறது. 97 மார்க்கைவிட 95 'வொர்ஸ்' என்று சொல்ல முடியும், இரண்டுமே நல்ல மார்க்தான் என்று தெரிந்துகொண்டே.

'நாஸ்டியர்' அப்படி விடாது. அண்ணனைவிடத் தம்பி 'நாஸ்டியர்' என்று ஒருவர் சொன்னால், தம்பியைப் பற்றி மட்டும் சொன்னதாக ஆகாது. அண்ணனும் அந்த ரகம்தான், தம்பி அதில் ஒரு படி கூட என்று பொருள். அண்ணன் தங்கமான மனிதர் என்றால் அந்த வாக்கியத்தையே சொல்ல முடியாது. சொன்னால் கேட்பவர் புருவத்தை உயர்த்துவார். ஆங்கிலச் சொற்பொருள் ஆய்வாளர்கள் நெடுங்காலமாகக் கவனித்துவரும் விஷயம் இது. சில பெயரடைகளின் ஒப்பீட்டு வடிவம், ஒப்பிடப்படும் இரண்டும் அந்தக் குணத்தை உடையவை என்பதை ஏற்றுக்கொண்டுதான் பேச்சையே தொடங்குகிறது. அந்தப் பெயரடைகளில் பெரும்பாலானவை அருவருப்பு, கொடுமை, வலி போன்ற பக்கத்தில் கிடப்பவை. ஒருவரைத் திட்டப் போய் இருவரைத் திட்டிவிடும் ஆபத்து இந்தச் சொல்லில் உண்டு என்று நான் சொல்வது இதனால்தான். தெரிந்தே செய்தால் சரி. தெரியாமல் செய்தால், குறை சொல்ல நினைக்காத ஒருவர் மனம் நோகும்.

அழுக்கிலிருந்து வன்மம் வரை

இந்தச் சொல்லுக்கு இவ்வளவு காரம் எப்படி வந்தது? 1400-ஐ ஒட்டிய ஆங்கிலத்தில் 'நாஸ்டி' என்றால் வெறும் அழுக்கு. கழுவாத உடம்பு, சகதி, துர்நாற்றம். அது எந்த மொழியிலிருந்து வந்தது என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த முடிவு இல்லை. டச்சு, ஸ்வீடிஷ், பழைய பிரெஞ்சு என்று மூன்று பக்கமும் கை காட்டுகிறார்கள். அமெரிக்கக் கேலிச்சித்திரக்காரர் தாமஸ் நாஸ்ட் பெயரிலிருந்து வந்தது என்று ஒரு கதை சுற்றிக்கொண்டிருக்கிறது. நியூயார்க் அரசியல் தலைவர் 'பாஸ்' ட்வீடின் ஊழலைத் தன் சித்திரங்களால் கிழித்தவர் அவர். பெயரும் பொருத்தமாக அமைந்துவிட்டது. ஆனால் அவர் பிறந்தது 1840-இல். சொல் அதற்கு நானூறு ஆண்டுகளுக்கு மேல் மூத்தது. கதையை விட்டுவிடலாம்.

1651-இல் தாமஸ் ஹாப்ஸ் 'லெவியதான்' நூலை வெளியிட்டார். அரசு என்ற ஒன்று இல்லாவிட்டால் மனித வாழ்க்கை தனிமையானது, வறியது, 'நாஸ்டி', மிருகத்தனமானது, குறுகியது என்று அதில் எழுதினார். இங்கிலாந்து உள்நாட்டுப் போரில் அரசனின் தலையே உருண்டிருந்த காலம் அது. இந்த வரியை இன்று படிப்பவர்கள் 'நாஸ்டி' என்ற இடத்தில் கொடூர குணத்தை வாசிக்கிறார்கள். ஹாப்ஸ் காலத்தில் அந்தச் சொல் முதலில் எழுப்பியது அழுக்கும் அசுத்தமும் நிறைந்த பிழைப்பைத்தான். ஒருவர்மேல் ஒருவருக்குள்ள வன்மம் அந்த வரியின் மற்றச் சொற்களிலிருந்தும் சூழலிலிருந்தும் வருகிறது.

அந்த நூற்றாண்டிலேயே சொல் கிளைவிட ஆரம்பித்தது. மழையும் காற்றும் கலந்த வானிலை 'நாஸ்டி' ஆனது. ஆபாசமும் 'நாஸ்டி' ஆனது. அப்புறம், பத்தொன்பதாம் நூற்றாண்டில், மனிதரின் குணம்: சிடுசிடுப்பு, கெட்ட எண்ணம், அடுத்தவர் நோவதில் ஒரு திருப்தி. காயம், விழுந்து அடிபடுதல், எதிர்பாராத அதிர்ச்சி எல்லாவற்றுக்கும் முன்னால் அது வந்து நின்றுகொண்டது. கண்ணுக்குத் தெரியும் அழுக்கு மெல்ல மெல்ல மனத்தின் அழுக்காகிவிட்டது.

தமிழில் 'அசிங்கம்' ஏறக்குறைய இதே பாதையில் பாதி தூரம் வந்திருக்கிறது. தெருவில் கிடப்பதும் அசிங்கம். சபையில் ஒருவரை அவமானப்படுத்தினாலும் 'அசிங்கப்படுத்திட்டான்'. கெட்ட வார்த்தை பேசினாலும் 'அசிங்கமாப் பேசினான்'. ஆனால் ஒரு வெட்டுக்காயத்தை அசிங்கம் என்று நாம் சொல்வதில்லை, புயலையும் சொல்வதில்லை. 'அசிங்கம்' மானத்தோடு ஒட்டிக்கொண்டது. 'நாஸ்டி' வலியோடு ஒட்டிக்கொண்டது. இந்த வேறுபாடு மொழிபெயர்க்கும்போது உதவும்.

அரசியலும் சந்தையும்

பிரிட்டனில் எண்பதுகளின் தொடக்கத்தில் வீட்டுக்கு வீடு வீடியோ ரெக்கார்டர் வந்தபோது, தணிக்கை இல்லாமல் வாடகைக் கடைகளில் கிடைத்த கொடூரப் படங்களைப் பத்திரிகைகள் 'வீடியோ நாஸ்டீஸ்' என்று அழைத்தன. பெயரடை அங்கே பெயர்ச்சொல்லாகவே ஆகிவிட்டது. பெரிய கூச்சலுக்குப் பிறகு 1984-இல் வீடியோவுக்கென்று தனிச் சட்டம் வந்தது. ஒரு சட்டத்துக்குப் பின்னால் இப்படி ஒரு தெருச் சொல் நின்றது அபூர்வம்தான்.

2002 அக்டோபரில் போர்ன்மத் நகரில் நடந்த கன்சர்வேட்டிவ் கட்சி மாநாட்டில், கட்சியின் சேர்மனாக (நிர்வாகப் பொறுப்பாளராக) இருந்த தெரசா மே மேடையேறி, சிலர் நம்மை என்ன சொல்கிறார்கள் தெரியுமா, 'நாஸ்டி பார்ட்டி' என்கிறார்கள் என்று தன் கட்சிக்காரர்களிடமே சொன்னார். தோல்வியடைந்த கட்சி, திறமையில்லாத கட்சி என்று அவர் சொல்லியிருந்தால் அதை யாரும் இரண்டு நாள்கூட நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். எளியவர்களிடம் இரக்கமில்லாத கட்சி என்ற பொருள் அந்த ஒற்றைச் சொல்லில் அடங்கியிருந்தது. அதனால்தான் அந்தப் பெயர் இன்றுவரை கழன்று விழவில்லை. எதிர்க்கட்சிக்காரர்களுக்குத் தேவைப்படும்போதெல்லாம் அது கையில் கிடைக்கிறது.

2016 அக்டோபர் 19 அன்று லாஸ் வேகாஸில் நடந்த அதிபர் தேர்தல் விவாதத்தில், ஹிலரி கிளின்டன் பேசிக்கொண்டிருக்கும்போதே டொனால்ட் டிரம்ப் மைக்கில் குனிந்து 'நாஸ்டி வுமன்' என்றார். இங்கேயும் 'பேட்' என்று அவர் சொல்லவில்லை. எதிர்த்துப் பேசும் பெண்ணின் குணத்தையே குறி வைத்தது அந்தச் சொல். ஆகவே அது பலருக்குச் சுட்டது. சில நாட்களிலேயே பெண்கள் அந்தச் சொல்லைத் தங்கள் சட்டையில் அச்சிட்டுப் போட்டுக்கொண்டார்கள். அடுத்த ஜனவரியில் வாஷிங்டனில் நடந்த பெண்கள் பேரணியிலும் பதாகைகளில் அது இருந்தது. வசையைத் தூக்கித் தாங்களே சூடிக்கொள்வது உலகெங்கும் உள்ள வழக்கம். ஆனால் எல்லா வசையும் அதற்கு இடம் கொடுக்காது. பயமுறுத்தும் தெம்பு இருக்கிற சொல்தான் அப்படித் திரும்பி வேலை செய்யும்.

அந்தத் தெம்பைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டது அமெரிக்க பேஸ்பால். மட்டையைத் தொடாமல் வளைந்து நழுவும் பந்தை அங்கே 'நாஸ்டி' என்பார்கள். ஒருவர் வீசும் பந்து போன வருடத்தைவிட 'நாஸ்டியர்' என்றால் அவர் முன்னேறியிருக்கிறார் என்று பொருள். 1990-இல் வேர்ல்டு சீரிஸ் வென்ற சின்சினாட்டி ரெட்ஸ் அணியில் டிபிள், சார்ல்டன், மயர்ஸ் என்ற மூன்று பந்துவீச்சாளர்களுக்கு 'நாஸ்டி பாய்ஸ்' என்பது செல்லப் பெயர். கிரிக்கெட் வர்ணனையிலும் இதன் சாயல் உண்டு. ஹெல்மெட்டில் மோதும் பவுன்சரை 'நாஸ்டி' என்றுதான் சொல்வார்கள். 'பேட் பால்' என்றால் அதற்கு நேர் எதிர்; அடிக்கத் தோதாக வந்த, வீசியவர் வெட்கப்பட வேண்டிய பந்து. 'வொர்ஸ்', 'நாஸ்டியர்' இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இந்த இரண்டு பந்துகளுக்கு இடையே துல்லியமாகத் தெரிகிறது. ஒன்று வீசியவரின் குறை. மற்றது எதிரில் நிற்பவரின் ஆபத்து.

தமிழில் சொல்ல வரும்போது

ஒரே தமிழ்ச் சொல்லை இதற்கு நிரந்தரமாக ஒதுக்கிவைப்பதை நான் ஏற்க மாட்டேன். 'அருவருப்பான' என்று அகராதியைப் பார்த்து எழுதிவிட்டு, 'அவருக்கு அருவருப்பான காயம் ஏற்பட்டது' என்ற வாக்கியத்தைச் செய்தியில் விடுவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. அடிபட்டவரைப் பார்த்து முகம் சுளிக்கிறது அந்த வாக்கியம். ஆங்கிலத்தில் இருந்தது அக்கறை. 'பலத்த காயம்' என்று சொல்லியிருந்தால் போதும். அதைவிட மோசம் என்றால் 'அதைவிடப் பலத்த காயம்'. 'நாஸ்டி ஃபால்' என்றால் 'பலமாக விழுந்துவிட்டார்'. வாடையைச் சொல்லும்போது குடலைப் புரட்டுகிறது என்று சொல்லலாம். மனிதரைப் பற்றி என்றால் 'வாயைத் திறந்தாலே விஷம்' என்பது பெயரடை எதுவும் இல்லாமலே வேலையை முடித்துவிடும். 'சீப் அண்ட் நாஸ்டி' என்று பிரிட்டிஷ்காரர்கள் மலிவுச் சரக்கைச் சொல்வதற்கு 'மட்ட ரகம்' இருக்கிறது.

ஒப்பீடு வரும்போது தமிழ் பெரும்பாலும் வினைச்சொல்லுக்குப் போவது நல்லது. ஒரு வாக்குவாதம் 'வொர்ஸ்' ஆனது என்றால் 'தகராறு முற்றியது'. இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை, தீர்வு தள்ளிப்போனது, அவ்வளவுதான். பேசியவர்கள் மரியாதையாகவே பேசியிருக்கலாம். அதே வாக்குவாதம் 'நாஸ்டியர்' ஆனது என்றால் 'வார்த்தை தடித்தது'. அதைக் கேட்ட உடனே, அங்கே யாரோ யாரையோ புண்படுத்திப் பேசிவிட்டார்கள் என்று தமிழ் தெரிந்த எவருக்கும் விளங்கிவிடும். 'விட' வேண்டாம், 'இன்னும்' வேண்டாம், 'மோசம்' என்ற சொல்லும் வேண்டாம்.